உப்புக்குத் திறந்ததும் உப்புக்கு அடைத்ததும்: தொண்டைமானாற்றின் தன்னிறைவுக் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறைக்கு மேற்கே சிறிது தொலைவில், உள்நாட்டுக் கடல்நீரேரி ஒன்று ஒடுங்கிய வாயினூடாகக் கடலோடு கலக்கும் இடத்தில் தொண்டைமானாறு என்னும் ஊர் அமைந்துள்ளது. பெயரில் ஆறு இருப்பினும் மலையில் ஊற்றெடுத்துச் சமவெளியில் ஓடிவரும் ஆறு எதுவும் அங்கில்லை; குடாநாட்டை உள்ளிருந்து பிளந்து கிடக்கும் வடமராட்சிக் கடல்நீரேரியின் கழிமுகத்தையே மக்கள் ஆறு என வழங்கி வந்துள்ளனர். இந்நீரேரி தென்கிழக்கே வல்லை வெளியையும் வரணியையும் ஒட்டி முள்ளியான் வரை நீள்கின்றது. அதனோடு தொடர்புடைய உப்பாறு தென்மேற்கே செம்மணி, அரியாலைப் பக்கமாகச் சென்று யாழ்ப்பாணக் கடல்நீரேரியை அணுகுகின்றது. வடமராட்சி, வலிகாமம், தென்மராட்சி ஆகிய மூன்று பிரிவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து நிறுத்துவதும் இந்த நீர்ப்பரப்பே, மூன்றின் கிணற்று நீரும் உவர்க்குமா இனிக்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பதும் இதுவே. எனவே தொண்டைமானாற்று வாயைத் திறந்து வைப்பதா அடைத்து வைப்பதா என்பது ஓர் ஊரின் காரியமாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை.

வெளியிலிருந்து வரும் பொருள் நின்றுபோகும் நாளில் ஒரு பிரதேசம் தன் கைப்பொருளைக் கொண்டு எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்வியை இன்றைய நிருவாக மொழி தன்னிறைவு என்றும் அனர்த்த ஆயத்தம் என்றும் இரு சொற்களாகப் பிரித்துப் பேசுகின்றது. சொற்கள் புதியனவாயினும் கேள்வி பழையது. உப்பு வணிகன், குடியேற்ற நாட்டு அதிகாரி, நீர்ப்பாசனப் பொறியியலாளர், பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த குடும்பத் தலைவி என ஒவ்வொருவரும் இக்கழிமுகத்தைச் சூழ்ந்த நிலத்தைத் தத்தம் அளவுகோலால் அளந்து பார்த்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குக் காரணம், இப்பிரதேசம் எந்தக் காலத்திலும் தனித்து நின்று வாழ்ந்த பிரதேசமன்று என்பதேயாகும். தன்னிடம் இல்லாதது எது என்பதைத் துல்லியமாக அறிந்து, இருப்பதைக் கொடுத்து இல்லாததைப் பெறும் வழிகளைத் திறந்து வைத்திருந்த காலங்களில் அது செழித்தது. அவ்வழிகள் அடைபட்ட காலங்களில், அடுப்புப் பரணிலும் பனங்காணியிலும் எஞ்சியிருந்ததைக் கொண்டு உயிர் தரித்தது.

ஊர்ப்பெயரைப் பற்றிய மரபுக்கதையே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் தொடங்குகின்றது. 1736 அளவில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்பேரில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, தொண்டைமான் என்பவன் கரணவாய் முதலிய இடங்களில் இயற்கையாக விளைந்த உப்பை ஏற்றிச் செல்ல விரும்பி, மரக்கலங்கள் உள்ளே வந்து தங்கத்தக்கதாக இக்கழிமுகத்தை வெட்டி ஆழமாக்கினான் என்றும், அதனாலேயே அது தொண்டைமானாறு எனப் பெயர் பெற்றது என்றும் கூறுகின்றது. இத்தொண்டைமானை, முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும் கலிங்கத்துப்பரணியில் பாடப்படுபவனுமாகிய கருணாகரத் தொண்டைமான் என்று கொள்வது நெடுங்கால வழக்கு. உரும்பிராயிலுள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் அவன் பெயரோடு இணைப்பர். வைபவமாலையின் காலவரிசையை அப்படியே ஏற்க முடியாது என்பது வரலாற்றாசிரியர் அனைவரும் ஒப்பும் முடிவாகையால், வெட்டியவன் யார், வெட்டிய ஆண்டு எது என்ற வினாக்களை இங்கு ஒதுக்கிவிடலாம். கதை பாதுகாத்து வைத்திருக்கும் பொருளாதார நினைவே முக்கியமானது: இக்கரையின் முதல் செல்வம் உப்பு, அதைப் பெறுவதற்காகவே கடல் உள்ளே அழைக்கப்பட்டது. பிற்காலத்தில் எந்த உப்பை வெளியே தள்ளுவதற்குப் பொறியியலாளர்கள் பாடுபட்டனரோ அதே உப்புக்காகவே இவ்வாய் ஒருமுறை அகலத் திறக்கப்பட்டது என்ற முரண் இவ்வூரின் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது.

உப்பு உண்டு, நெல் போதாது என்பதே குடாநாட்டின் அடிப்படை இருப்புக்கணக்கு. மாரி மழையை மட்டும் நம்பி ஆவணி, புரட்டாதியில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கும் காலபோக நெல் ஒன்றே இங்கு பெருமளவில் விளைவது; அதுவும் மழை பிந்தினால் கருகும், மிஞ்சினால் அழுகும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நாட்டு நெல்லினங்கள் இந்த நிச்சயமின்மைக்கும் ஓரளவு உவருக்கும் பழகியவையாக இருந்தபோதிலும், மக்கள்தொகை பெருகிய பின் விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் காணாமற் போயிற்று. ஒல்லாந்தர் காலத்திலேயே வன்னியிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் நெல்லும் அரிசியும் வருவிக்கப்பட்டன. அவற்றுக்கு விலையாக, திருவிதாங்கூருக்குப் போன புகையிலையும், தமிழகக் கரைக்குப் போன பனைமரச் சிலாகைகளும் அமைந்தன. இவ்வணிகத்தைக் கடல்வழி நடத்தியோர் தொண்டைமானாற்றின் அண்டை ஊராகிய வல்வெட்டித்துறையையும் சூழவுள்ள கரைகளையும் சேர்ந்த கப்பலோட்டிகள். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு 1938-இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தமை பலரும் பெருமையோடு எடுத்துரைக்கும் செய்தி. ஆயினும் அக்கரையின் அன்றாட முக்கியத்துவம் அட்லாண்டிக்கைக் கடந்த அந்த ஒரு கப்பலில் தங்கியிருக்கவில்லை. நாகபட்டினத்துக்கும் இக்கரைக்கும் இடையே அரிசியும் கூரை ஓடும் துணியும் ஏற்றி ஓயாது போய்வந்த, பெயர் நிலைக்காத தோணிகளே குடாநாட்டின் நெற்களஞ்சியமாக இயங்கின. பாக்குநீரிணை அக்காலத்தில் இரு கரைகளையும் பிரித்த எல்லையாக உணரப்படவில்லை. பஞ்ச காலத்துக்கான காப்பு அந்தக் கடலிலேயே இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமையாகியது. வெளியில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை அனுமதியின்றி அள்ளுவதும் குற்றமாயிற்று. தன் கொல்லையில் விளைந்ததை ஒருவர் விலை கொடுத்து வாங்கவேண்டிய நிலை இக்கரைக்கு ஏற்பட்டது எனலாம்.

கடல்வழி அடைபடும் நாளுக்கான சேமிப்பு பனையில் இருந்தது. பனையை வறியவர் உணவு என எளிதிற் கடந்துவிடுவோர் அதன் காலக்கணக்கைக் கவனிப்பதில்லை. ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் களியைப் பாயில் ஊற்றி வெயிலிற் காயவிட்டுப் பனாட்டாக்குவர். அதைப் பாணியில் ஊறவிட்டால் பாணிப்பனாட்டாகிப் பல மாதங்கள் கெடாதிருக்கும். பழத்தின் விதைகளை மாரிக்கு முன் பாத்தியில் அடுக்கினால் தை மாதமளவில் கிழங்கு கிடைக்கும். பச்சைக் கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவு பிட்டுக்கும் கூழுக்கும் ஆகும். நீரிலிட்டுக் கசப்புப் போக்கிய அந்த மாவோடு கடற்கரையில் மலிவாய்க் கிடைக்கும் மீனும் நண்டும் இறாலும் மரவள்ளியும் சேர்ந்து கொதிக்கும் ஒடியற்கூழ், இன்று விருந்தாக மாறிவிட்டபோதிலும், நெல் இல்லாத மாதங்களில் ஒரு குடும்பத்தை ஒரே பானையால் ஆற்றும் உணவாகவே உருவாயிற்று. தென்னையைப் போலன்றிப் பனைக்கு நீர் இறைக்க வேண்டியதில்லை, உரம் இட வேண்டியதில்லை; உவர் ஏறிய மணலிலும் அது நிற்கும்; புயலில் எளிதிற் சாயாது. யாரும் திட்டமிடாமலே தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பப்பட்ட அவசரகால உணவு இருப்பு என்று பனங்காணிகளை மதிப்பிடுவது மிகையாகாது. பனை அபிவிருத்திச் சபை 1978-இல் நிறுவப்பட்டபோது அரசு அந்த மதிப்பை மிகப் பிந்தி ஒப்புக்கொண்டது.

உணவுக் குறையைக் கடல் ஈடுசெய்தது. நீர்க்குறையை ஈடுசெய்யவோ எதுவும் இல்லை. குடாநாட்டின் அடித்தளம் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஆண்டுக்குச் சராசரி 1,250 மில்லிமீற்றர் அளவில், பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் அதனுள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல், அடர்த்தி குறைந்த காரணத்தால், வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதி எனப்படும்; அதனை மறுபுறமாக வாசித்தால், மேலே ஓரடி வற்றும்போது கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறத் தொடங்கும் என்பது புலனாகும். இவ்விதியைப் பெயர் சொல்லி அறியாத தோட்டக்காரர்கள் அதன் கட்டளையைத் துலாவால் நிறைவேற்றி வந்தனர். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து நீர் கோல, மற்றொருவர் பாத்தியில் நீர் மாற்ற, மூவர் உழைப்பால் எழும் நீர் மனித உடம்பின் களைப்பைத் தாண்டி எழ முடியாது. களைத்தவர் ஓய்ந்த பொழுதில் கிணறு ஊறிக்கொண்டது. ஒரே கிணற்றில் பலர் முறை வைத்து இறைக்கும் உரிமை, உறுதிகளில் கிணற்றுப்பங்கு, வழிவாய்க்கால் என்று காணியோடு சேர்த்து எழுதப்பட்டு வந்தது. 1950களுக்குப் பின் பரவிய நீரிறைக்கும் இயந்திரம் இந்த இயற்கையான எல்லையை நீக்கிவிட்டது. மூவர் வேலையை ஓர் இயந்திரம் செய்ததைக் கண்டவர்கள், மூவரின் களைப்பு செய்துவந்த காவலை யார் செய்வது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

தொண்டைமானாற்று வாயை அடைத்து நீரேரியை நன்னீராக்க வேண்டும் என்ற எண்ணம் இப்பின்னணியில் எழுந்தது. 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாண அரசாங்க அதிபராக இருந்த வில்லியம் ட்வைனம் காலத்திலேயே இது பேசப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் சட்டசபை வரை சென்றது. ஆனால் தடுப்பணை எழுந்தது சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில். 1950களின் தொடக்கத்தில் தொண்டைமானாற்றிலும், அதே பத்தாண்டில் உப்பாற்றின் மறுமுனையான அரியாலையிலும் தடுப்பணைகள் அமைந்தன. நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954-இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம் இவ்விரண்டையும் ஒரு பெருஞ்சங்கிலியின் கண்ணிகளாகக் கண்டது. வன்னியின் கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளம் ஆனையிறவுக் கடல்நீரேரியில் வந்து விழுந்து கடலிற் கலந்து வீணாகின்றது. ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் அணை கட்டி அந்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வழியாக ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமான கால்வாய் வெட்டி, மிகுநீரை வடமராட்சி நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் அனுப்பினால், குடாநாட்டின் நடுவே இல்லாத ஆறொன்று உண்டாகும் என்பது அதன் சாரம். ஆனையிறவு, சுண்டிக்குள வேலைகள் 1960களில் நடந்தன. சுண்டிக்குள அணை வெள்ளத்தில் உடைந்தது. முள்ளியான் கால்வாய் முற்றுப்பெறவில்லை. கண்ணிகள் தனித்தனியே கிடந்தன, சங்கிலி கோக்கப்படவில்லை.

ஆயினும் தொண்டைமானாற்றுத் தடுப்பணை தனித்து நின்றே ஒரு வேலையைச் செய்யக்கூடியதாக இருந்தது. அதன் செயல்முறை எளிதாகத் தோன்றினும் நுட்பமானது. கோடையில் கதவுகள் மூடியிருந்தால் கடலேற்றத்தின்போது உவர்நீர் உள்ளே புகாது. மாரியில் மழைநீர் நீரேரியில் நிரம்பி, அடிமண்ணில் படிந்த உப்பைக் கரைக்கும். தக்க தருணத்தில் கதவு திறக்கப்பட்டால் அந்த உப்புநீர் கடலுக்குப் போகும். பின் மாரியின் கடைசி மழைகளைப் பிடித்து வைக்கக் கதவு மூடப்பட வேண்டும். ஆண்டுதோறும் இவ்வாறு கழுவக் கழுவ நீரேரியின் உவர் குறைந்து, கரையோர வயல்கள் மீண்டு, கிணறுகளின் நன்னீர் வில்லை தடிக்கும் என்பது எதிர்பார்ப்பு. முந்தித் திறந்தால் நன்னீர் வீணாகும், பிந்தித் திறந்தால் வல்லையைச் சூழ்ந்த வயல்களில் வெள்ளம் ஏறி இளம்பயிர் அழுகும், மூடப் பிந்தினால் கடல் ஏறிவிடும். கடலிலிருந்து குஞ்சாக நுழைந்து நீரேரியில் வளரும் இறாலை வீச்சுவலையால் பிடித்து வாழ்வோருக்கோ கதவு திறந்திருக்கும் நாள்களே வாழ்வு தரும் நாள்கள். கமக்காரனின் நன்மையும் மீனவனின் நன்மையும் ஒரே கதவுப் பலகையின் இரு பக்கங்களில் நின்றன. பலகையைத் தூக்கும் நாளைத் தீர்மானிக்கும் அறிவே தடுப்பணையின் உண்மையான மூலதனம் என்பதைச் சீமெந்துச் செலவைக் கணக்கிட்ட எந்தத் திட்ட அறிக்கையாலும் மதிப்பிட இயலாது.

இதற்கிடையில் நாட்டின் உணவு வரலாறு தன்னிறைவுக் கேள்வியை இரு முறை வெளிப்படையாக எழுப்பியது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கூப்பன் என்னும் சொல் யாழ்ப்பாணத்து வீடுகளில் நிலைபெற்றது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது நிலைமை தலைகீழாகியது: மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வராததால், கிணற்று நீரைக் கொண்டு அவற்றை விளைவித்த குடாநாட்டுத் தோட்டக்காரர் முன்னெப்போதும் காணாத வருமானம் கண்டனர். அதைப் பொற்காலம் எனக் கொண்டாடும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் அச்செழிப்பு அடைபட்ட நாட்டுச் சந்தை ஒன்றையும், கட்டுப்பாடின்றி இறைத்த இயந்திரங்களையும் நம்பி எழுந்தது. 1977-க்குப் பின் சந்தை திறந்தபோது முன்னது போயிற்று, பின்னது கிணறுகளில் உவராக எஞ்சியது.

உண்மையான பரீட்சை போருடன் வந்தது. 1987-இன் தொடக்கத்தில் குடாநாட்டுக்கு எரிபொருள் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு மே 26 அன்று வடமராட்சியில் ‘ஒப்பரேசன் லிபரேசன்’ என்னும் படை நடவடிக்கை தொடங்கியது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் ஏறத்தாழ 25 தொன் உணவுப் பொருள்களை வானிலிருந்து வீசின. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதிக்கு அது தலைக்கு 36 கிராமுக்கும் குறைவு. அரசியலில் அதன் எடை மிகப் பெரிது, அடுப்பில் மிகச் சிறிது. 1990 ஜூனில் போர் மீண்டபோது தடை முழுமை பெற்றது. எரிபொருள், உரம், சீமெந்து, பற்றரி, சவர்க்காரம் முதலியன தடுக்கப்பட்டன. மின்சாரம் இல்லாது போயிற்று. ஆனையிறவுப் பாதை மூடுண்டபின் மக்கள் கிளாலி நீரேரியை இரவிற் படகேறிக் கடந்தனர். தொண்டைமானாற்றுக்கு மேற்கே பலாலிப் படைத்தளத்தைச் சுற்றிய ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் சென்று வெறுமையாயின. ஊர் ஒரு போர்முனையின் ஓரமாயிற்று.

அக்காலத்தின் சிறு கண்டுபிடிப்புகள் பலமுறை எழுதப்பட்டுவிட்டன: சில துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்தபின் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள், ஜாம் போத்தலில் ஒரு கரண்டி எண்ணெயோடு எரிந்த திரி விளக்குகள், சைக்கிள் டைனமோவை மிதித்துக் கேட்ட வானொலிச் செய்தி, சவர்க்காரத்துக்குப் பதிலாகத் துணி வெளுத்த பனம்பழம், பள்ளிக் கொப்பித் தாளில் அச்சான நாளிதழ். இவற்றை மட்டும் வைத்துத் தன்னிறைவு மெய்ப்பிக்கப்பட்டது என்று முடிவு கட்டுவது அக்கால மக்களுக்குச் செய்யும் நீதியாகாது. நோயாளிக்கு மருந்து இல்லாமையை ஜாம் போத்தல் ஈடு செய்யவில்லை. பட்டினிச் சாவு பெருமளவில் நிகழாமைக்குக் கண்டுபிடிப்புகளைவிடப் பெரிய காரணங்களாக நின்றவை பழைய நிறுவனங்களே. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகளான சங்கக்கடைகள், போரின் இரு பக்கத்துக்கும் நடுவே அரசாங்க அதிபர் பணிமனை அனுப்பிய நிவாரண அரிசியையும் மாவையும் சீனியையும் அட்டைக்கு அட்டை நிறுத்துக் கொடுத்தன. பங்கீட்டுக் காலத்தில் பயின்ற அந்தக் கணக்கு முறை அரை நூற்றாண்டுக்குப் பின் உயிர் காத்தது. எரிபொருள் இன்றி இயந்திரங்கள் ஓய்ந்த தோட்டங்களில் துலாக்கள் மீண்டும் எழுந்தன. துலா மிதிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை அப்போது உயிரோடிருந்தமை பெரும் வாய்ப்பாகும்.

தொண்டைமானாற்றில் இத்தகைய நிறுவனம் இன்னொன்றும் உண்டு. ஆற்றங்கரையில் அமைந்த செல்வச் சந்நிதி முருகன் கோயில், பூசகர் வாயை வெண்துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்யும் கதிர்காம மரபைப் பின்பற்றுவதால் சின்னக் கதிர்காமம் எனவும், கதிர்காமப் பாதயாத்திரை தொடங்கும் இடமாகவும் அறியப்படுவது. 65 ஆலிலைகளில் அமுது படைக்கும் வழக்கமும் அதற்குரியது. ஆனால் மக்கள் அம்முருகனுக்கு இட்ட பெயர் அன்னதானக் கந்தன். கோயிலைச் சூழ்ந்த மடங்களில் நேர்த்தி வைத்தோர் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து சமைப்பித்து, வந்தவர் எவரெனக் கேளாது பரிமாறுவது நாள்தோறும் நிகழ்வது. பக்தியின் கணக்கை விட்டு நிருவாகக் கண்ணால் நோக்கினாலும், பெரும் பாத்திரங்களும் விறகும் கிணறும் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்துப் பழகிய கைகளும் எந்நேரமும் ஆயத்தமாக உள்ள ஓர் இடம், இடப்பெயர்வும் வெள்ளமும் வரும் நாளில் புதிதாக எதையும் கற்க வேண்டியிராது. நிவாரண முகாம்களின் பொதுச் சமையலறையை அமைக்க அதிகாரிகள் நாள் கணக்கில் திட்டமிடுவதை நோக்க, வழக்கமாகிவிட்ட ஒரு காரியத்துக்கும் அவசரத்தில் தொடங்கும் காரியத்துக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். கல்வித் துறையில் அதற்கு நிகராகத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தைக் குறிப்பிடலாம்: நீரேரியின் உயிரியலை மாணவர் நேரிற் காணவென ஆசிரியர்களால் வளர்க்கப்பட்ட அந்நிலையம், உயர்தர மாணவர்க்கு நடத்திய முன்னோடிப் பரீட்சைகளால் வடக்கெங்கும் பெயர் பெற்றது.

தடுப்பணைக்கு அத்தகைய காவல் கிட்டவில்லை. பராமரிப்பு இன்றிப் பலகைகள் உக்கின. கடல் விரும்பியபடி வந்து போயிற்று. 1950களில் தொடங்கிய கழுவல் வேலை பின்னோக்கிச் சென்றது. போர் முடிந்தபின் அணை புனரமைக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் இயற்கை தன் பங்குக்குப் பிரதேசத்தைச் சோதித்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த அதே வீச்சில் வடக்கின் மீனவரையும் பலி கொண்டது. 2004 ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்குக் கரையோர ஊர்களை வாரிச் சென்றது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை குடாநாட்டின் தாழ்நிலங்களை நாள்கணக்கில் நீரில் ஆழ்த்தியது. ஆழிப்பேரலைக்குப் பின் இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் கிராம அலுவலர் பிரிவு வரை ஆயத்தத் திட்டங்கள் கீழிறங்குவதற்கு வழி வகுத்தது. அத்திட்டங்கள் இயல்பாகவே வெள்ளத்தையும் புயலையும் கணக்கிலெடுக்கின்றன. பாதை அடைபடுவதை அவ்வளவாகக் கணக்கிலெடுப்பதில்லை. ஆனால் குடாநாட்டின் அண்மைக்கால நெருக்கடிகளுள் நீண்டவை பாதை சார்ந்தவை: 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டு உணவு கப்பலை எதிர்பார்த்து நின்ற மாதங்கள், 2021-இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டமை, 2022-இல் மண்ணெண்ணெய்க்காக மீனவரும் கமக்காரரும் வரிசையில் நின்றமை. கடைசி இரண்டிலும் எவரும் குடாநாட்டைத் தனியே முற்றுகையிடவில்லை. நாடு முழுவதும் அடைபட்டது. 1990-இல் மக்களிடம் எஞ்சியிருந்த துலாவும் பனாட்டுப் பாயும் 2022-இல் பெரும்பாலான வீடுகளில் இல்லை. சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது.

குடிநீருக்கான இன்றைய விடை நீரேரியின் மறுகோடியில் எழுந்துள்ளது. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் கொண்டுவரும் திட்டம், தம் போகத்துக்கே நீர் போதாது என்ற கிளிநொச்சிக் கமக்காரரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டபின், வடமராட்சிக் கிழக்கில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் பெறும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரரின் வாதத்தில் நியாயம் இருந்தது. வன்னியின் மிகுநீரைக் கேட்ட ஆறுமுகம் திட்டத்துக்கும் வன்னியின் தேக்கிய நீரைக் கேட்ட புதிய திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் சரியாகவே கண்டனர். உப்புக்காகக் கடலை உள்ளே அழைத்த தொண்டைமான் கதையும் உப்புக்கு அஞ்சிக் கடலை வெளியே நிறுத்திய தடுப்பணையும் கடந்து, மூன்றாவதாக, கடலையே உள்ளெடுத்து உப்பைப் பிரித்துக் கடலுக்குத் திருப்பி அனுப்பும் முறை வந்துள்ளது. சவ்வு வழியே உயர் அழுத்தத்தில் நீரைத் தள்ளும் அம்முறைக்கு இடையறாத மின்சாரம் வேண்டும். மின்சாரம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வன்னியூடாகக் கம்பியில் வருகின்றது. மழைநீரைத் தேக்கும் தொண்டைமானாற்று அணையோ, ஐப்பசி பிறந்ததும் வல்லை வயல்களையும் கடலேற்றத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கதவைத் திறப்பதற்கு நாள் குறிக்கும் ஒருவரை இன்றும் எதிர்பார்த்து நிற்கின்றது.